குரல்வளையும் ழகரமும் – கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 68. என் தாத்தாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். உங்கள் கட்டுரைகளை மகளின் உதவியோடு படிக்கிறேன். எனக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் ஓடும்.

போன வாரம் ஒரு காணொளி பார்த்தேன். மனிதனுக்குக் குரல்வளை தொண்டையில் கீழே இறங்கியதால்தான் பேச்சு வந்தது, குரங்குக்கு அது மேலேயே நின்றுவிட்டதால் பேச முடியவில்லை என்றார்கள். இது சரியா? உறுப்பு மாறினால் பேச்சும் மாறும் என்றால், நம் ஆட்களுக்கு இங்கே ஐந்து தலைமுறையில் ழ போய்விட்டதே, அதுவும் அப்படித்தானா? கோவிலில் பாடும்போது நானே ழவை ள என்றுதான் பாடுகிறேன். பேத்திக்கு எட்டு வயது. பள்ளியில் ஜூலு படிக்கிறாள். அந்த நாக்குச் சொடுக்குகளையெல்லாம் சுலபமாகச் செய்கிறாள். தமிழ் என்று சொல்லச் சொன்னால் "டமில்" என்கிறாள். இந்த ஊர்த் தண்ணீரும் சாப்பாடும் நம் நாக்கை மாற்றிவிட்டதோ? இனி நம் பிள்ளைகளுக்கு வராதா?

இன்னும் இரண்டு சந்தேகம். மனிதன் முதலில் பாடினானா, பேசினானா? உலகத்தின் முதல் மொழி தமிழ் என்கிறார்களே, விஞ்ஞானம் அதை ஒப்புக்கொள்கிறதா?

ப.

(ரோமன் எழுத்தில் வந்த கடிதம். தமிழ் எழுத்துக்கு மாற்றியது நான்.)

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் மாமனாரின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. டப்பாவுக்குள் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள், நாடா வைத்துத் தைத்தவை. அவர் கழுத்தில் கட்டிக்கொள்வதற்காக அத்தை தைத்துக் கொடுத்தது. எதற்கு என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் குரல்வளையைப் பற்றிக் கேட்டிருந்ததால் அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் காணொளி சொன்னது பாதி சரி. மனிதக் குரல்வளை இறங்கித்தான் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது உயரத்தில், மூக்கின் பின்வாசலை ஒட்டி இருக்கும். முதல் சில வருடங்களில் இறங்கும். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் வயதில் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் புரையேறுவது. "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுகிறோமே, அப்போது நடப்பது, மூச்சுக்குழலின் வாயைத் தாண்டிப் போகவேண்டிய சோறு அதற்குள் எட்டிப் பார்ப்பது. நாம் விழுங்கும் ஒவ்வொரு துளியும் இப்படி ஆபத்தைத் தாண்டித்தான் போகிறது என்று டார்வினே எழுதியிருக்கிறார்.

1969இல் பிலிப் லீபர்மன் என்ற மொழியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும், குரங்கின் தொண்டை அமைப்பால் ஆ, ஈ, ஊ போன்ற உயிர்களைத் தெளிவாகப் பிரித்து எழுப்ப முடியாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதிலிருந்துதான் "குரல்வளை இறங்கியது, பேச்சு பிறந்தது" என்ற கதை எல்லாப் பாடப்புத்தகத்துக்கும் போனது. உங்கள் காணொளிக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். 2001இல் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஐரோப்பாவின் செம்மான் கிடா கத்தும்போது தன் குரல்வளையை நெஞ்செலும்பு வரைக்கும் இழுத்து இறக்குகிறது. அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தன் உடம்பைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் குரலுக்காக இறக்குகிறது. 2016இல் குரங்கு தின்னும்போதும் கத்தும்போதும் எக்ஸ்ரே படம் எடுத்து, வாயும் தொண்டையும் எப்படியெல்லாம் வளைகின்றன என்று அளந்தார்கள். அந்தத் தொண்டையே போதும், பேசலாம் என்று முடிவு வந்தது. இல்லாதது அதை ஓட்டும் மூளை. 2022இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட வகைக் குரங்குகளின் குரல்வளைகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்னின்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் குரல்நாணின் விளிம்பில் மெல்லிய சவ்வு ஒன்று இருந்தது. மனிதனுக்கு மட்டும் அது இல்லை. அந்தச் சவ்வு இருந்தால் குரல் கீச்சிடும், திடீரென்று உடையும். அது போனதால் நமக்கு நிலையான குரல் வந்தது. நாம் பேசுவது ஒன்றைத் தொலைத்ததால் என்று படித்த அன்று நான் வேலையே செய்யவில்லை.

விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு தம்பதி அதைத் தங்கள் பிள்ளையைப் போல வளர்த்தார்கள். உதட்டைக் கையால் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். வருடக்கணக்கில் பாடுபட்டு அதன் வாயில் வந்தவை நான்கு சொற்கள்: மாமா, பாப்பா, கப், அப். குரல் நாண் வேலை செய்யாமல் வெறும் மூச்சில் வந்த கரகரப்பு. முகத்துக்கு எதிரே முகம் வைத்துப் பேசியவர்கள் இருந்தும் வரவில்லை. உங்கள் பேத்திக்கு எட்டு வயதுக்குள் மூன்று மொழிச் சத்தம் வந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் நாக்கையா நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள்?

சாப்பாட்டால் பேச்சு மாறுமா என்ற உங்கள் எண்ணத்தை நான் தள்ளிவிடமாட்டேன். அதில் விஷயம் இருக்கிறது. 2019இல் வந்த ஓர் ஆய்வு, கீழுதட்டை மேற்பல்லில் வைத்துச் சொல்லும் ஒலிகள் விவசாயம் வந்தபிறகு பெருகியவை என்கிறது. கடினமானதைக் கடித்துத் தின்ற காலத்தில் பெரியவர்களின் பல்வரிசை தேய்ந்து மேலும் கீழும் நேருக்கு நேர் வந்து நிற்கும். கூழும் கஞ்சியும் வேகவைத்த தானியமும் வந்தபின் மேல்வரிசை சற்று முன்னால் நிற்பது பெரியவர்களுக்கும் நிலைத்தது. உதட்டைப் பல்லில் வைப்பது சுலபமானது. நம் தொல்காப்பியத்தில் "பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்" என்று இருக்கிறதே, அந்த வகாரம் ஒருவேளை நெல்லும் கேழ்வரகும் கொடுத்ததாக இருக்கலாம். ஆனால் அண்ணா, அது ஆயிரக்கணக்கான வருடக் கணக்கு. ஐந்து தலைமுறையில் எந்தத் தண்ணீரும் எந்த மீலிக் கஞ்சியும் (மக்காச்சோளக் கஞ்சி) யார் நாக்கையும் மாற்றாது. உங்கள் நாக்கு உங்கள் தாத்தாவின் தாத்தாவுடைய நாக்கேதான்.

அவர் நாக்கில் ழ இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். நான் குடியாத்தத்துக்காரி. 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலிலிருந்து 1911இல் அந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஏற்றுமதி நின்றது வரை மதராசிலிருந்து இங்கே வந்தவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறையப் பேர். எங்கள் பக்கம் கோழி "கோயி". வாழைப்பழம் "வாயப்பயம்". இழுத்து என்பது "இஸ்து". பள்ளிக்கூடம் போகும்வரை நானும் அப்படித்தான் பேசினேன். உங்கள் முன்னோர் மதராஸ் துறைமுகத்தில் ஏறியபோதே அவர்கள் வாயில் ழ இல்லாமல் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இங்கே வந்து எதையும் கெடுத்துக்கொண்டதாக நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ளவேண்டாம். கரும்பு வெட்டிய கைகளோடு ராத்திரியில் கூடிப் பாட்டுக் கட்டிய மனிதர்கள் அவர்கள். அவர்கள் கோயி என்றாலும் அது தமிழ்தான்.

இனி அந்தப் பிஸ்கட் டப்பா.

நான் 1996இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். மாமா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் எஸ்டேட் பாரக்ஸில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், மாலை நேர வெர்னாக் ஸ்கூலில் (தாய்மொழிப் பள்ளி) தமிழ் படித்தவர். அங்கே இருந்த வாத்தியார் ழ வரும்வரை யாரையும் வீட்டுக்கு விடமாட்டாராம். அதனால் அந்த வீட்டில் மாமாவுக்கு மட்டும் ழ சுத்தமாக வரும். அத்தைக்கு ள. எனக்குக் கவனமாகப் பேசினால் ழ, கோபம் வந்தால் ய.

1999இல் மகள் பிறந்தாள். அவளைப் பகலில் பார்த்துக்கொள்ள விட்ட இடத்தில், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி பேசினால் குழந்தைக்குப் பேச்சே தள்ளிப்போகும் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டேன். படித்தவள், தமிழில் எழுதுகிறவள், என் பிள்ளையிடம் ஏழெட்டு மாதம் தமிழில் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2001இல் மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை. மூச்சு அந்த ஓட்டை வழியாகத்தான். வாய்க்கும் நுரையீரலுக்கும் வழியே கிடையாது. சூடான காப்பியை ஊத முடியாது. மூக்கில் காற்று போகாததால் தாளிக்கிற வாசனை தெரியாது. அந்த ஓட்டையில் தூசி விழாமல் மறைக்கத்தான் அத்தை தைத்த வெள்ளைத் துணி. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் அவர் காதுபடவே "இனி ஊமைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா ஒரு சிலேட்டு வைத்துக்கொண்டார். ஆனால் மகளுக்கு இரண்டு வயது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவளிடம் மட்டும் வாயை அசைத்தார். சத்தமே இல்லாமல், உதடும் நாக்கும் மட்டும். பின்கட்டில் வாழை மரத்தடியில் நாற்காலி போட்டு அவளை மடியில் தன்னைப் பார்த்தபடி உட்காரவைத்துக்கொள்வார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு நேரம் அவள் வேறு எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

ஒருநாள் துணி காயப்போடப் போனேன். மாமா கையில் ஒரு வாழைப்பழம். உரித்துப் பாதி கொடுத்திருக்கிறார். மீதியைக் காட்டி வாயை அசைக்கிறார். பழம். அவள் பார்த்தாள். மறுபடியும் அசைத்தார். அவள் சட்டென்று ஆள்காட்டி விரலை அவர் வாய்க்குள் விட்டாள். அவர் தட்டிவிடவில்லை. வாயை இன்னும் கொஞ்சம் திறந்து, மெதுவாக நாக்கின் நுனியை மேலே வளைத்தார். அவள் விரல் அந்த வளைந்த நாக்கின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு விரலை எடுத்து, எச்சிலோடு தன் வாய்க்குள் விட்டுத் தன் நாக்கைத் தேடினாள். தேடிக்கொண்டே சொன்னாள்: "பழம்." ஈரத்துணியோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன். ழ. அசல் ழ.

"நுனிநா அணரி அண்ணம் வருட" என்று தொல்காப்பியர் எழுதியது இதைத்தான். நாக்கின் நுனி மேலே வளைந்து மேலண்ணத்தைத் தடவினால் ரவும் ழவும் பிறக்கும். பிறப்பியலில் அவர் காற்றைத் தொப்புளிலிருந்து தொடங்குகிறார். தலை, கழுத்து, நெஞ்சு, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடம் சொல்கிறார். அந்த எட்டில் கழுத்தை மாமாவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நெஞ்சுக் காற்றுக்கு வாய்ப்பக்கம் வழியில்லை. மிச்சமிருந்ததை வைத்து ஒரு குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்துக் காற்றை உணவுக்குழலுக்குள் இழுத்து ஏப்பம் போல வெளியே விட்டுப் பேசும் பயிற்சி நடந்தது. குரல் நாணுக்குப் பதில் தொண்டைச் சதையே அதிரும். ஒரு தடவை இழுத்த காற்றுக்கு மூன்று நான்கு அசைதான் வரும். அதில் ப, ட, க என்று தொடங்கும் சொற்கள் முதலில் வரும், ஏனென்றால் அந்த ஒலிகளுக்கு வாயை அடைக்கும்போதே காற்று உள்ளே தள்ளப்படும். உயிரெழுத்தும் மூக்கொலியும் கஷ்டம். "அம்மா" அவருக்குக் கடைசிவரை சிரமம்தான். முதலில் வந்த சொல் "பாப்பா". அதைச் சொல்லித்தான் என் மகளைக் கூப்பிட்டார். அவள் அவரோடு பேசும்போது தானும் ஏப்பக்குரலிலேயே பேசுவாள், தாத்தாவோடு அப்படித்தான் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டு. வீட்டில் தமிழ் திரும்பி வந்தது அப்படித்தான். நான் கொண்டுவரவில்லை.

இதனால்தான் யாராவது குரல்வளை, நாக்கு, மண், தண்ணீர் என்று பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, கேட்கிறேன்: அந்தப் பேத்தியோடு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் தமிழில் பேசுகிறீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன். "தமிழ் என்று சொல்லச் சொன்னால்" என்று இருக்கிறது. பரீட்சை வைத்திருக்கிறீர்கள். சோறு வேண்டுமா, கால் வலிக்குதா, இங்கே வா, அந்தச் செம்பை எடு என்று பேசியதாக ஒரு வரி இல்லை. உங்கள் மகளோடு பேசினீர்களா? அவளாவது உங்களுக்குத் தமிழ் எழுத்துப் படித்துக் காட்டுகிறாள். அவள் ஏன் தன் பெண்ணோடு பேசவில்லை? பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை கோவிலில் ரோமன் எழுத்தில் அச்சடித்த பாட்டைக் கையில் கொடுத்து, ழ வரவில்லை என்று குழந்தையின் நாக்கைப் பார்ப்பது நியாயமில்லை. எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் நானும் இதைச் செய்திருக்கிறேன்.

1984இல் கனடாவில் ஒரு சோதனை வெளிவந்தது. இங்கிலீஷ் மட்டும் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கவில்லை. எந்த உறுப்பும் போகவில்லை. வீட்டில் யாரும் அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தாததால் காது அதை விட்டுவிட்டது. அதற்காக எட்டு வயதில் வராது என்று அர்த்தமில்லை. உங்கள் பேத்தியே சாட்சி. அந்தச் சொடுக்குகள் ஜூலுவுக்கே ஆதியிலிருந்து உள்ளவை இல்லை. இந்த நாட்டின் பழங்குடிகளான கோய், சான் மக்களோடு பழகிக் கலந்து எடுத்துக்கொண்டவை. என் அத்தை ஒருநாள் கூட ஜூலு வகுப்புக்குப் போனதில்லை. பாரக்ஸில் ஜூலுப் பிள்ளைகளோடு விளையாடி, மூன்று சொடுக்கையும் அவர்களைப் போலவே செய்வார். அவற்றில் ஒன்று நமக்கும் தெரிந்ததுதான். பாவம் என்று உச்சுக்கொட்டுகிறோமே, அந்த உச்சுதான் ஜூலுவின் முதல் சொடுக்கு. மாட்டை ஓட்டக் கன்னத்தோரம் நாக்கை இழுத்துச் செய்வது இன்னொன்று. நம் வாயில் அது வெறும் சத்தமாக இருக்கிறது, அவர்கள் வாயில் எழுத்தாக இருக்கிறது.

வட கேப் மாகாணத்தில் உப்பிங்டன் ஊரில் கத்ரீனா ஈசாவ் என்ற அம்மையார் இருக்கிறார். 1933இல் பிறந்தவர். நுஉ என்ற சான் மொழியைச் சரளமாகப் பேசும் கடைசி ஆள் என்று அறியப்படுபவர். சின்ன வயதில் அந்த மொழி அசிங்கம் என்று சொல்லப்பட்டு, வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தவர்கள் அவர் தலைமுறைக்காரர்கள். நுஉ மொழியில் ஜூலுவைவிட நிறையச் சொடுக்குகள் உண்டு. எத்தனையோ வருடம் பேசாமல் இருந்தும் அவை அவர் வாயைவிட்டுப் போகவில்லை. வயதான பிறகு தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு வாழை மரத்தடி நாற்காலி ஞாபகம் வரும்.

காது கேளாத பிள்ளைகளையும் பாருங்கள். கையால் பேசும் வீட்டில் பிறந்தால் அந்தக் குழந்தை கையாலேயே மழலை பேசும். இங்கே தென்னாப்பிரிக்காவில் 2023இல் சைகை மொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆக்கினார்கள். அதற்குக் குரல்வளையே தேவையில்லை.

முதலில் பாட்டா பேச்சா என்பது பெரிய விஷயம், தனியாக எழுதுகிறேன். முதல் மொழி தமிழா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. பேச்சு கல்லில் பதியாது. முதல் மொழியின் ஒரு சொல்கூட நமக்கு மிஞ்சவில்லை. பேத்தியோடு பேசாத ஒருவர் அதைக் கேட்பது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். மூச்சுக்குழலுக்கு ஜூலுவில் என்ன என்று பேத்தியிடம் கேளுங்கள். உக்கோக்கோக்கோ என்று நான் எழுதுவது தப்பு. ஒவ்வொரு க்கோவுக்கும் மேலண்ணத்திலிருந்து நாக்கைச் சொடுக்கவேண்டும், ஒரே சொல்லில் மூன்று தடவை. உருண்டு புரண்ட ஒரு மரநாய் மூச்சுக்குழலை அறுத்துக்கொண்ட கதையை, வாக்கியம் முழுக்கச் சொடுக்காக வரும்படி ஜூலுவுக்கு நெருங்கிய கோசா மொழிக்காரர்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வாய்க்குள் விரலை விட்டு நாக்கு எங்கே இருக்கவேண்டும் என்று அவள் காட்டட்டும். மூன்று சொடுக்கும் வரும்வரை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். அது வந்த பிறகு நீங்கள் ஒரு வாழைப்பழத்தை உரித்து, வழுக்கி விழுந்த கிழவி கதையை ஆரம்பியுங்கள்.

இரண்டையும் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முதலில் அவள் குரல்.

அன்புடன்,
தங்கை